95 சென்டிமீட்டர் மழை! தகரக் கூரை தாங்குமா?

2023 டிசம்பரில் நெல்லைச் சீமை கண்ட பேய் மழையை யார் மறப்பார்கள்? தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்கு அருகே உள்ள காயல்பட்டினத்தில், 18-ந் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது!

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள தகரக் கூரையில் அந்த மழை பெய்தால் 47,500 லிட்டர் தண்ணீர் விழும். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஏறக்குறைய நான்கு!

இவ்வளவு நீரும் எப்படி இறங்கும்?

தகட்டில் உள்ள பள்ளங்கள்தான் வாய்க்கால்கள். மேலே விழும் நீரெல்லாம் கீழ் ஓரத்துக்குத்தான் வந்து சேரும். ஆகவே, சரிவு நீளமானால் கீழ் ஓரத்தில் நீர் அதிகம். பள்ளம் நிரம்பி, ஒரு தகடு மற்றொன்றின் மேல் ஏறும் இடத்தைத் தொட்டால் வீட்டுக்குள் ஒழுகும். அதற்கு ஓட்டையே தேவை இல்லை!

பரிகாரம் என்ன?

சரிவு கூடினால் நீர் விரைந்து ஓடும். பள்ளம் ஆழமானால் அதிக நீர் அடங்கும். நீண்ட கூரைக்கு இரண்டுமே வேண்டும். ஸ்குரூவைப் பள்ளத்தில் முடுக்காமல் மேட்டில் முடுக்குவது நல்லது. ஐப்பசி பிறக்குமுன் சருகுகளை அள்ளிவிட வேண்டும்.

தகடு வாங்குவோர் விலையையும் வர்ணத்தையும் பார்க்கிறார்கள். பள்ளத்தின் ஆழத்தையும் பார்த்து வாங்கினால், அடைமழையிலும் பிள்ளைகள் நனையாமல் தூங்கலாம்!