ஆழ்கடல் ஊற்றுகளைத் தோண்டாதீர்கள்

2024 டிசம்பரில், இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் கொதிநீரைப் பீய்ச்சும் ஊற்று ஒன்றை நம் ஆய்வாளர்கள் முதன்முறையாகப் படம்பிடித்தார்கள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவில் உள்ள துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து, ஆளில்லாக் கலத்தை இறக்கிச் செய்த வேலை அது. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால், இந்தத் தேடலுக்குப் பின்னால் கனிம ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது.

மத்திய, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மலைத்தொடர்களில் 10,000 சதுர கி.மீ. பரப்பில் உலோக சல்ஃபைடுகளைத் தேட, பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா 2016இல் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடருக்கும் அதேபோன்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. தேடுவதற்கான உரிமை இன்னும் தோண்டுவதற்கான உரிமை ஆகவில்லை. பேச வேண்டியதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

கடலடித் தரை பிளந்து விரியும் இடங்களில் விரிசல் வழியே இறங்கும் நீர், மாக்மாவின் சூட்டில் காய்ந்து, பாறையிலுள்ள செம்பையும் துத்தநாகத்தையும் இரும்பையும் கரைத்துக்கொண்டு மேலே சீறுகிறது. வெப்பம் 350 டிகிரியைத் தாண்டினாலும் அந்த ஆழத்தின் அழுத்தம் அதைக் கொதித்து ஆவியாக விடுவதில்லை. உறைநிலையை ஒட்டிய குளிர்நீரில் பட்டதும் உலோக சல்ஃபைடுகள் கரும்புகைபோலப் பிரிந்து, படிந்து, புகைபோக்கிகளாக வளர்கின்றன. சுரங்க நிறுவனங்களுக்கு வேண்டியது இந்தப் படிவு. உயிர்கள் குடியிருப்பதும் இதிலேதான்.

1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே இத்தகைய ஊற்றுகளைத் தேடி ‘ஆல்வின்’ நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் நிலவியலாளர்கள். அங்கே உயிர்கள் மண்டிக் கிடக்கும் என்று யாரும் நினைக்காததால், அந்தப் பயணத்தில் ஓர் உயிரியலாளர்கூட இல்லை. பிடித்த உயிரிகளில் சிலவற்றை வோட்காவில் ஊறவைத்துத்தான் கரைசேர்த்தார்கள். அங்கே வளரும் ராட்சதக் குழாய்ப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. பிறகு எதைத் தின்று ஆளுயரத்தையும் மிஞ்சி வளர்கிறது? ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலீன் கவனா விடை சொன்னார்: அதன் உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து ஆற்றலைப் பெற்று உணவு சமைக்கின்றன. சூரியனே வேண்டாத உலகம் என்று இதைச் சொல்வதுண்டு. அது முழு உண்மையல்ல. சல்ஃபைடை எரிக்கத் தேவையான ஆக்சிஜன், மேலே வெயிலில் வாழும் பாசிகளும் தாவரங்களும் வெளியிட்டதுதான்.

நமது பெருங்கடலின் ஊற்றுகளில் ஒரு நத்தை இருக்கிறது. 2001இல் கைரேய் ஊற்றில் கண்டறியப்பட்டது. அதன் பாதம் முழுவதும் ஓடுபோல அடுக்கிய செதில்கள். அவற்றின் மேல் இரும்பு சல்ஃபைடு பூச்சு. ஓட்டின் வெளி அடுக்கும் அதே இரும்பு சல்ஃபைடு. சொலிடெர் என்ற வேறோர் ஊற்றில் இதே இனம் இரும்பில்லாமல் வெளுத்திருக்கிறது. 2019இல் சுரங்க ஆபத்தைக் காரணம் காட்டி, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட முதல் ஆழ்கடல் ஊற்று உயிரி இதுதான். அப்போது அறியப்பட்டிருந்த அதன் மூன்று வாழிடங்களையும் கூட்டினாலும் 0.02 சதுர கி.மீ.; அதாவது ஐந்து ஏக்கர். அவற்றில் இரண்டு, சீனாவும் ஜெர்மனியும் கனிமம் தேடும் எல்லைக்குள் இருக்கின்றன. பின்னர் வேறு சில ஊற்றுகளிலும் அதைக் கண்டார்கள். ஆனாலும் ஒவ்வொன்றும் சின்னஞ்சிறு இடமே.

எரிமலையே அழித்தாலும் இந்த உயிர்கள் மீண்டும் வந்துவிடும் என்பது சுரங்கத்தை ஆதரிப்போர் சொல்லும் வாதம். ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. கிழக்கு பசிபிக் மலைத்தொடரில் 1991இல் எரிமலைக் குழம்பு மூடிய இடத்தில், மூன்றாண்டு முடிவதற்குள் குழாய்ப் புழுக்கள் ஒன்றரை மீட்டர் வளர்ந்து நின்றன. ஆனால், அந்தத் தொடர் ஆண்டுக்குச் சுமார் 11 செ.மீ. விரிவது. அங்கே ஊற்றுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அழிவதும் பிறப்பதும் அங்கே வாடிக்கை. தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் தொடரோ ஆண்டுக்கு 1.5 செ.மீ.கூட விரிவதில்லை. இத்தகைய மெதுவான தொடர்களில் ஓர் ஊற்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட நீடிக்கும். அடுத்தது வெகு தொலைவில் இருக்கும். ஒன்றை உடைத்தால் லார்வாக்கள் எங்கிருந்து வந்து சேரும்? பசிபிக்கின் கணக்கை இங்கே போடுவது தவறு.

வருமானமும் உறுதியில்லை. பப்புவா நியூகினி அரசு, ஊற்றுப் படிவுகளைத் தோண்டுவதற்கான ‘சோல்வாரா 1’ திட்டத்தில் மக்கள் பணத்தைப் போட்டுப் பங்குதாரராகச் சேர்ந்தது. அதை நடத்திய நாட்டிலஸ் மினரல்ஸ் நிறுவனம் ஒரு கிலோ தாதுவைக்கூட விற்காமல் 2019இல் நொடித்துப்போனது. மாறாக, கனடா 2003லேயே தன் எண்டெவர் ஊற்றுகளைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டது.

மின்வாகனங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் செம்பு வேண்டும் என்பதை மறுக்க முடியாது. அதற்காக உயிருள்ள ஊற்றில் கைவைக்க வேண்டியதில்லை. வெப்பம் அடங்கிய பழைய படிவுகள் இருக்கின்றன. அவற்றிலும் என்னென்ன வாழ்கின்றன என்று பார்த்த பிறகே பேச வேண்டும். இந்தியா தன் ஒப்பந்த எல்லைக்குள் இயங்கும் ஊற்றுகள் ஒவ்வொன்றையும், சுற்றியுள்ள பரப்போடு சேர்த்து, சுரங்கத்துக்கு அப்பாற்பட்டவை என்று இப்போதே அறிவிக்க வேண்டும். ஆய்வுக் கலங்கள் எடுத்துவரும் உயிரியல் தரவுகளைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். கடற்படுகை ஆணையத்தில் சுரங்க விதிகள் இன்னும் முடிவாகவில்லை. அவை முடிவாவதற்குள் இந்தக் குரலை அங்கே எழுப்பும் பொறுப்பு, இரண்டு சல்ஃபைடு ஒப்பந்தங்களைக் கையில் வைத்திருக்கும் நமக்கு இருக்கிறது.