பூட்டிய அறையில் காஸ் கணப்பு: யார் பொறுப்பு?

மலைவாசஸ்தலங்களுக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகளின் தொகை பெருகப் பெருக, அங்குள்ள வீடுகளும் பங்களாக்களும் நாள் வாடகை விடுதிகளாக மாறி வருகின்றன. குளிர் காலத்தில் அறை கேட்டு வருவோர் முதலில் விசாரிப்பது, "ஹீட்டர் உண்டா?" என்பதைத்தான். "உண்டு" என்று பதில் சொல்ல உரிமையாளர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதுதான் சிலிண்டரில் எரியும் காஸ் கணப்பு. மின்சாரம் நின்றாலும் அது நிற்காது. சுவரை உடைத்துப் புகைபோக்கி கட்ட வேண்டியதில்லை. அறைக்கு அறை உருட்டிச் செல்லலாம்.

இந்தச் சௌகரியத்துக்கு உயிரையே விலையாகக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அந்தச் சாவுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நம் நாட்டில் இன்னும் தெளிவான பதில் இல்லை.

தாமனில் நடந்தது

நேபாளத்தில் தாமன் என்று ஒரு மலையூர். உயரம் ஏறக்குறைய 2,300 மீட்டர். நம் உதகமண்டலத்தின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கேரளத்திலிருந்து சென்ற 15 பேர் கொண்ட கோஷ்டி ஒன்று, 2020 ஜனவரி 20 அன்று இரவு அங்குள்ள ஒரு விடுதியில் தங்கியது. எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். குளிர் தாங்காமல் காஸ் ஹீட்டரை மூட்டிக்கொண்டார்கள். மறுநாள் காலை அறைக் கதவு திறக்கப்படவில்லை. நினைவற்றுக் கிடந்தவர்களை ஹெலிகாப்டரில் காட்மாண்டுவுக்குக் கொண்டு சென்றும் பயனில்லை. இரண்டு தம்பதியரும் நான்கு குழந்தைகளும் மாண்டுபோனார்கள்.

கதவும் ஜன்னல்களும் உட்புறம் தாழிடப்பட்டிருந்ததாக விடுதி நிர்வாகம் கூறியது. பிறகு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. விடுதியை மூன்று மாதம் நடத்தக் கூடாது என்று நேபாள சுற்றுலா இலாகா உத்தரவிட்டது. எட்டு உயிர்களுக்கு மூன்று மாதத் தடை!

"ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கக் கூடாதா?" என்று பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதாகத் தோன்றலாம். ஆனால் ஜனவரி மாதக் குளிரில், கைக்குழந்தையோடு வந்தவர் ஜன்னலைத் திறந்து வைப்பாரா? குளிருக்குப் பயந்துதானே அவர் ஹீட்டரே கேட்டார்! குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் உயிர் தங்கும் என்ற நிலையில் உள்ள சாதனத்தைப் பாதுகாப்பான சாதனம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அறைக்குள் நடப்பது என்ன?

காஸ் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கிலோ சமையல் காஸ் முழுமையாக எரிய, 15 கிலோவுக்கும் அதிகமான காற்று தேவை. சக்கரம் வைத்த பெரிய காஸ் கணப்பு ஒன்று, முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு 300 கிராம் காஸைச் செலவிடும். இரவு எட்டு மணி நேரத்துக்கு 2.4 கிலோ. அதற்கு வேண்டிய காற்று சுமார் 37 கிலோ.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். உதகை அல்லது தாமன் உயரத்தில் அந்த அறைக்குள் இருக்கும் காற்று முழுவதையும் எடை போட்டால் 38 கிலோ அளவில்தான் வரும். அதாவது, இடுக்கு எதுவும் இல்லாத அறையானால், அங்குள்ள காற்று முழுவதும் ஓர் இரவில் கணப்புக்கே சரியாகிவிடும். படுத்திருப்பவர்களின் மூச்சுக்கு என்ன மிஞ்சும்?

ஆனால் பிராண வாயு முழுவதும் தீரும் வரை ஆபத்து காத்திருப்பதில்லை. அறையில் 21 சதவிகிதமாக இருக்கும் பிராண வாயு 18 சதவிகிதமாகக் குறைவதற்கு, மேற்படி கணக்கின்படி ஒன்றே கால் மணி நேரம் போதும். காற்று குறையக் குறைய காஸ் அரைகுறையாக எரியும். அப்போது பிறப்பதுதான் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. இரத்தத்தில் பிராண வாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளோடு, பிராண வாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகப் பிடிப்போடு அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவையே முதல் அறிகுறிகள். மலைப் பாதையில் பஸ்ஸில் வந்த அலுப்பு என்று எண்ணிப் படுத்துவிடுவார்கள். பிறகு எழுந்திருக்க உடலில் சக்தி இருக்காது.

இங்கே பொதுமக்களிடம் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. சமையல் காஸ் கசிந்தால் நாற்றம் வருமே, தெரிந்துவிடாதா என்கிறார்கள். அந்த நாற்றம், கசிவைக் காட்டுவதற்காகக் கம்பெனிக்காரர்கள் சேர்க்கும் வாசனைப் பொருளுடையது. எரிந்துபோன காஸில் அது இருக்காது. காஸ் கசிவைக் காட்டும் எச்சரிக்கை மணி வேறு; கார்பன் மோனாக்சைடைக் காட்டும் மணி வேறு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று எண்ணுவது பெரிய தவறு.

விருந்தினர் மேல் பழி போடலாமா?

கிரீஸ் நாட்டின் கார்பூ தீவில் 2006 அக்டோபரில் நடந்த சம்பவம் இந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்கிறது. விடுமுறைக்குச் சென்ற இங்கிலாந்துக் குடும்பம் ஒன்று விடுதிக் குடிலில் தங்கியது. அவர்கள் எந்த ஹீட்டரையும் மூட்டவில்லை; எந்தத் திருகையும் தொடவில்லை. குடிலை ஒட்டிய சிறு கட்டடத்தில் இருந்த காஸ் வெந்நீர்ச் சாதனம் பழுதுபட்டிருந்தது. அதன் நச்சு வாயு சுவர்த் துளை வழியாக அறைக்குள் புகுந்து, இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். விடுதி மானேஜர் உள்பட மூவர் குற்றவாளிகள் என்று 2010ல் கிரேக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது சட்ட விரோதமான மரணமே என்று 2015ல் இங்கிலாந்தில் நடந்த மரண விசாரணையில் ஜூரிகள் முடிவு கூறினார்கள்.

ஓர் இரவு தங்க வருபவருக்கு அந்த வீட்டின் குழாய், ரெகுலேட்டர், பர்னர் ஆகியவை எந்த நிலையில் இருக்கின்றன என்று எப்படித் தெரியும்? போன வாரம் யார் கழற்றி மாட்டினார்கள் என்பதை அவர் அறிவாரா? தெரிந்தவர் உரிமையாளர் ஒருவரே. ஆகவே, பொறுப்பும் அவருடையதே.

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு காஸ் பாதுகாப்பு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வாடகைக்கு விடும் வீட்டில் உரிமையாளர் வைத்திருக்கும் காஸ் சாதனங்களை ஆண்டுக்கு ஒரு முறை, பதிவு பெற்ற நிபுணர் சோதித்துச் சான்று தர வேண்டும். விடுமுறை வீடுகளுக்கும், சிலிண்டர் காஸுக்கும் இது பொருந்தும். சில நாட்களே தங்குவோர் பார்க்கும்படி அந்தச் சான்றை வீட்டில் மாட்டி வைக்கலாம். சான்று சுவரில் தொங்குவது சிறிய விஷயம்தான். ஆனால், "இதற்கு நான் பொறுப்பு" என்று உரிமையாளர் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு அது சமானம்.

நம் மலைகளிலும்

இது அயல்நாட்டுச் செய்தி என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி ஒன்றில், சமைப்பதற்கு மூட்டிய கரி அடுப்பின் நச்சுப் புகையால் அறையில் தூங்கிய இருவர் இறந்தனர். காஸ் ஆனாலும் கரி ஆனாலும், மூடிய அறையில் விளையும் விஷம் ஒன்றே. காற்றோட்டமில்லாத குளியலறைகளில் மாட்டிய காஸ் கெய்சர்களாலும் நம் நாட்டில் பலர் மாண்டிருக்கிறார்கள்.

உரிமையாளர்கள் பக்கமும் கஷ்டம் இல்லாமல் இல்லை. மலையில் மின்சாரம் அடிக்கடி நிற்கிறது. குளிர்ந்த அறை என்று பெயர் வந்தால் வியாபாரம் படுத்துவிடும். ஆனால் அதற்காக, வெளி முற்றத்தில் வைக்க வேண்டிய கணப்பை அறைக்குள் உருட்டி விடுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

செய்ய வேண்டியது

தன் புகையை அறைக்குள்ளேயே விடும் கணப்பு, படுக்கை அறையில் இருக்கவே கூடாது. இதுதான் முதல் விதி. காஸ் தான் வேண்டும் என்றால், வெளிக் காற்றை எடுத்து, புகையையும் குழாய் வழியாக வெளியே விடும் நிலையான சாதனத்தைப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர், கனத்த கம்பளி, வெந்நீர்ப் பை ஆகியவை போதும்.

சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே, நிமிர்ந்த நிலையில், காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். கசியும் காஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். குளிரில் காஸ் சரியாக வரவில்லை என்று சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும், நெருப்பருகே சாய்ப்பதும் விபரீதத்தை விலைக்கு வாங்குவதாகும். ரப்பர் குழாயைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். மஞ்சள் சுவாலை எரிந்தாலோ, சாதனத்தருகே கரி படிந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

படுக்கை அறைகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி பொருத்த வேண்டும். சில ஆயிரம் ரூபாய்தான் செலவு. ஆனால் மணி இருக்கிறதே என்று பழுதான கணப்பை வைத்துக்கொள்ளக் கூடாது.

இவற்றை உரிமையாளர்களின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிட முடியாது. விடுதிகளுக்கு லைசென்ஸ் வழங்கும்போது மெத்தையையும் கழிப்பறையையும் பார்க்கும் அதிகாரிகள், அறையை எதைக் கொண்டு சூடாக்குகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆண்டுச் சோதனைச் சான்று இல்லாத காஸ் சாதனம் உள்ள அறையை வாடகைக்கு விடக் கூடாது என்ற ஒரு விதி போதும். அதை எழுத அதிகச் செலவில்லை. அமல்படுத்த மனம்தான் வேண்டும்.

பிரயாணிகளுக்கும் ஒரு வார்த்தை. அறைக்குள் சிலிண்டரோ கரி அடுப்போ இருந்தால், வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். இரவில் பலருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி வந்தால் தூங்கப் போகாமல், உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். ஓர் இரவு குளிரில் நடுங்கினால் காலையில் ஒரு சூடான காபியில் அது தீர்ந்துபோகும்.