வந்தவரை மண்ணவராக்குவது காலம் அன்று, பட்டா

கேரளத்துக்குள் நிகழ்ந்த தமிழர் குடியேற்றத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று பாலக்காட்டுக் கல்பாத்தி. மற்றொன்று இடுக்கியின் தேயிலைத் தோட்டம். முதலாவதைப் 'பாரம்பரியம்' என்கிறோம். இரண்டாவதைப் 'பிரச்சினை' என்கிறோம். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தமிழறிஞரும் கேட்பதில்லை, மலையாள அறிவுலகமும் கேட்பதில்லை.

காலத்தால் வந்தது என்பது எளிய விடை. கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயிலின் கல்வெட்டு 1425ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தேயிலைத் தொழிலாளர் மலையேறியதோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்பார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டே இவ்விடையை மறுக்கிறது. அது பேசுவது பாலக்காட்டு ஆட்சியாளர் இட்டிக்கோம்பி அச்சன் கோயிலுக்கு அளித்த கொடையைப் பற்றி. காவிரிக் கரையிலிருந்து வந்த அந்தணர் கல்பாத்திப் புழையின் கரையில் வேரூன்றியது ஆதரவும் நிலமும் கிடைத்ததால். நிலம் பெற்றவரின் அதிகாரம் எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு 1924ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டுத் தேர்த்திருவிழாவில் கல்பாத்தித் தெருக்களுக்குள் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். வந்தவர் தெருவில் மண்ணின் மக்களுக்கு வழியில்லை! அந்தத் தெருக்கள்தாம் இன்று அரசு பாதுகாக்கும் பாரம்பரியச் சின்னம்.

இனி மலைக்கு வருவோம். முதுவர் முதலிய பழங்குடிகள் வாழ்ந்த கண்ணன் தேவன் மலைகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் மூவகையினர். முதலில் வந்தவர் ஆங்கிலேயர். ஜான் டேனியல் மன்றோ 1877இல் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து ஓர் ஆவணத்தின் வழியே அம்மலைகளைப் பெற்றார். அதன் பிறகு அது 'கம்பெனி நிலம்' ஆயிற்று. சமவெளியிலிருந்து ஏறிய மலையாள உழவர்கள் மற்றொரு வகையினர். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்திருந்த 1955இல், பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு கல்லாற்றில் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கிக் குடும்பத்திற்கு ஐந்து ஏக்கர் வழங்கியது. 'குடியேற்றக் கர்ஷகர்' என்பது இன்று மலையாளத்தில் மரியாதைக்குரிய பட்டம். அவர்களது உழைப்பும் துன்பமும் உண்மையானவை, அதில் ஐயமில்லை.

மூன்றாம் வகையினர் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் அவர்களே. அவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும். கூடவே 'பாண்டி' என்ற வசைச்சொல். கல்பாத்தித் தமிழில் மலையாளம் கலந்தால் அது ஆய்வுக்குரிய வட்டார வழக்கு. மூணாற்றுத் தமிழில் கலந்தால் அது நகைப்புக்குரிய கொச்சை. சொற்களுக்கும் பட்டா வேண்டியிருக்கிறது போலும்.

கேரளத்தின் பெருமையான நிலச்சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் குத்தகைமுறையை ஒழித்தது. ஆனால் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்களித்தது. அந்த விலக்கின் வரப்புக்குள் அகப்பட்டவள் கொழுந்து பறிக்கும் பெண். அவள் வாழும் வீடு அவளுடையதன்று; வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் வெளியேற வேண்டும். வெளியேறாதிருக்க மகனோ மகளோ மருமகளோ தோட்டத்தில் பெயர் பதிய வேண்டும். பள்ளியிறுதி முடித்த பெண், தாயின் கூடையைத் தோளில் ஏற்பது விருப்பத்தால் அன்று, கூரைக்காக. தன் பெயரில் ஐந்து சென்ட் என்பது அங்கே மூன்று நான்கு தலைமுறையாகக் கைமாறி வரும் கனவு. கூடை கைமாறுகிறது, கனவும் கைமாறுகிறது, நிலம் மட்டும் மாறுவதில்லை.

2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் அப்பெண்கள் மூணாற்றின் சாலையில் அமர்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி நிறுத்தி, இருபது விழுக்காடு போனஸ் பெற்றார்கள். நாடு வியந்தது. பிறகு மறந்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியின் லயங்கள்மேல் மலை சரிந்தது. எழுபது உயிர்கள் போயின. அவர்களுள் பலருக்குப் பூர்விகம் கயத்தாறு. மறுநாள் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. மாநில அரசு அறிவித்த நிவாரணம் விமானப் பயணிக்குப் பத்து இலட்சம், லயத்தில் உறங்கியவருக்கு ஐந்து இலட்சம். பின்னர் குற்றியாறு பள்ளத்தாக்கில் எட்டுக் குடும்பங்களுக்கு நிலமும் வீடும் கிடைத்தன. எட்டு வீட்டுக்கு எழுபது உயிர் என்பதுதான் அம்மலையின் நிலவிலையா?

மறுப்பு வரும். 'அவர்களுக்குத் தமிழ்நாட்டில் சொந்த ஊர் இருக்கிறதே' என்பது முதல் மறுப்பு. சிலருக்கு இருக்கலாம். ஆனால் பாட்டனின் ஊரில் பேத்திக்கு எது சொந்தம்? கல்பாத்திக்காரரைத் தஞ்சைக்குத் திரும்பச் சொல்பவர் யார்? தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் கேட்டால், முன்னோர் 1950க்கு முன்பே இங்கு வாழ்ந்ததை நிறுவுமாறு வேண்டுகிறார்கள். அப்போதைய தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஏ. ராஜாவின் தேர்தலே இத்தகைய வழக்கில் 2023இல் உயர்நீதிமன்றத்தால் செல்லாதாக்கப்பட்டு, 2025இல் உச்சநீதிமன்றத்தில்தான் மீண்டது. உறுப்பினருக்கே இந்த அலைச்சல் என்றால், கொழுந்துக் கூடையைத் தவிர வேறு ஆவணமற்றவள் எந்தப் படியேறுவாள்?

'மலை மென்மையானது, பட்டா கொடுத்தால் சூழல் கெடும்' என்பது இரண்டாம் மறுப்பு. சூழல் அக்கறை தேவையே. ஆனால் அதே தேவிகுளம் வட்டத்தில் 1999இல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட 'ரவீந்திரன் பட்டாக்கள்' பிறந்தன. அவை முறையற்றவை என்று அரசு ரத்துச் செய்ய உத்தரவிட்டது 2022இல். விடுதிகள் எழும்போது உறங்கிய மலையின் மென்மை, தொழிலாளி ஐந்து சென்ட் கேட்டவுடன் விழித்துக்கொள்வது வியப்பே.

கண்ணன் தேவன் மலைகளில் தோட்டப்பயிருக்குத் தேவையற்ற நிலத்தை அரசு மீட்டெடுக்க 1971இல் சட்டம் இயற்றியது. மீட்ட நிலத்தைப் பகிர்ந்தளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆதலால் கேட்கப்படுவது சலுகை அன்று. சரிவு அபாயமற்ற இடத்தில், ஓய்வுக்கு முன்னரே, கொழுந்து பறித்த பெண்ணின் பெயரிலேயே பட்டா வேண்டும். லயத்தைக் காலி செய்வதைப் பணிக்கொடைக்கு நிபந்தனையாக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பாரம்பரியம் பற்றிக் கருத்தரங்கு நடத்துவோர், நூறாண்டு கடந்தும் முகவரியற்றிருக்கும் இந்தத் தமிழ்க் குடியேற்றத்தையும் தங்கள் தலைப்புகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை கல்பாத்தியைப் பற்றிய பெருமிதம் பாதி வரலாறுதான்.