கறுத்த ஆயில் மேல் பொய் வழக்கு

ஆயில் கறுத்தால் கெட்டுப்போச்சு. நம் ஊர் வண்டிக்காரர்களிடம் இதைவிட உறுதியான நம்பிக்கை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. கட்சி, கிரிக்கெட், சினிமா என்று எதிலும் ஒத்துப்போகாதவர்கள்கூட இதில் ஒரே குரலில் பேசுகிறார்கள். மெக்கானிக் அளவுக் குச்சியை உருவி, ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவே தேய்த்து, "பாருங்கண்ணே, தார் மாதிரி ஆயிடுச்சு" என்று காட்டினால் போதும். போன சர்வீஸுக்குப் பிறகு 2,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியாக இருந்தாலும் அண்ணன் பர்ஸைத் திறந்துவிடுவார்.

இந்த வழக்கில் நிறம் ஒன்றுதான் சாட்சி. அதுவும் பொய்ச் சாட்சி.

எரிபொருள் எரியும்போது நுண்ணிய கரித்தூள் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் வந்து சேரும். அந்தக் கரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, உலோகத்தின் மேல் சகதியாகப் படிந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஆயிலில் இரண்டு வகை வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஒன்று, சூடான பாகங்களில் படிவு ஏறாமல் கழுவுவது. மற்றது, கழுவி வந்த கரித்துகள்களைத் தனித்தனியாகப் பிரித்து ஆயிலிலேயே மிதக்கவிடுவது. ஆயில் கறுக்கிறது என்றால் கரி ஆயிலில் மிதக்கிறது என்று பொருள். துணி துவைத்த தண்ணீர் அழுக்காகிவிட்டதே என்று சோப்பைக் குறை சொல்லும் ஆளை நாம் பார்த்ததில்லை. டீசல் காரில் ஆயில் மாற்றிச் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே கறுத்துவிடும். அதைக் கண்டு மாற்றுவதென்றால் வாரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியதுதான்.

அப்படியானால் ஆயில் கெடுவதே இல்லையா? கெடுகிறது. எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிக்கும் காரச் சேர்க்கை மெல்ல மெல்லத் தீர்ந்துபோகிறது. சூட்டில் ஆக்சிஜன் சேர்ந்து ஆயில் மூப்படைகிறது. பைக்கில் கியர் பற்களுக்கு இடையே நசுங்கி நசுங்கி, கெட்டித்தன்மையைக் காக்கும் நீண்ட மூலக்கூறுகள் துண்டாகின்றன. எரியாத பெட்ரோலும் ஈரமும் கலக்கின்றன. ஏர் ஃபில்டர் சரியில்லையென்றால் மண்தூசி சேர்கிறது. இவற்றில் ஒன்றுகூட நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது அல்ல. விரலில் தேய்த்துப் பார்ப்பவர் 35 டிகிரியில் இருக்கும் ஆயிலைத் தொடுகிறார். அது 100 டிகிரியில் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர் விரலுக்குத் தெரியாது. நிறம் உண்மை பேசும் ஒரே இடம் உண்டு: ஆயில் வெளிறிய பழுப்பில் பால் கலந்ததுபோலக் குழம்பியிருந்தால் உள்ளே தண்ணீரோ கூலன்ட்டோ போயிருக்கிறது. அப்போது வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

உண்மையிலேயே ஆயிலின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வே 1946-லேயே டீசல் இன்ஜின்களின் ஆயில் மாதிரியை எடுத்து நிறமாலைக் கருவியில் ஆராயத் தொடங்கியது. அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று பார்த்து எந்தப் பாகம் தேய்கிறது, தூசி நுழைகிறதா என்று கண்டுபிடித்தார்கள். நம் ரயில்வேயின் டீசல் ஷெட்களிலும் இதற்கென்றே ஆய்வகங்கள் உண்டு. பல கோடி ரூபாய் இன்ஜினைப் பராமரிப்பவர் எவரும் ஆயில் கறுத்திருக்கிறதே என்று வடித்துக் கொட்டுவதில்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நம் அப்பாக்களின் காலத்தில் அடிக்கடி மாற்றியது அறியாமையால் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் இந்திய டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருக்க அனுமதி இருந்தது. அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. கந்தகம் எரிந்தால் அமிலம். அமிலம் ஆயிலின் காரத்தைத் தின்னும். பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. நாடு முழுக்க அது ஒழிந்தது 2000-ல்தான். கார்புரேட்டரில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். ஆயிலும் அன்றைக்கு இருந்த தரத்தில்தான் இருந்தது. 1,500, 2,000 கிலோமீட்டர் என்ற கணக்கு அந்த உலகத்தில் சரியான கணக்கு.

அந்த உலகம் போய்விட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பி.எஸ்.-6 எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். டீசலில் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் எரிபொருளைச் சொட்டுக்கணக்கில் அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. ஆயிலின் ஏ.பி.ஐ. தரம் எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.என். என்று ஏறி 2020-ல் எஸ்.பி.-க்கு வந்தது. வண்டி மாறியது, எரிபொருள் மாறியது, ஆயில் மாறியது. விரலில் தேய்க்கும் சடங்கு மட்டும் அப்படியே இருக்கிறது. இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் 3,000 மைலுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்ற பழைய பழக்கத்தை விடச்சொல்லி கலிஃபோர்னியா மாநில அரசே பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது.

நிறத்தைப் பற்றிய மூடநம்பிக்கைக்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு: கெட்டியான ஆயில்தான் நல்ல ஆயில் என்பது. "நம்ம ஊரு வெயிலுக்கு அந்த தண்ணி ஆயில் எல்லாம் தாங்காதுங்க, 20டபிள்யூ-50 ஊத்திடுவோம்" என்பார்கள். கையேட்டில் 0டபிள்யூ-20 என்று அச்சடித்திருக்கும் காரில் இதை ஊற்றுகிறார்கள். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

வெயிலுக்கும் கார் இன்ஜினின் உள்சூட்டுக்கும் அவ்வளவு உறவு இல்லை. ஊட்டியாக இருந்தாலும் வேலூராக இருந்தாலும் தெர்மோஸ்டாட் கூலன்ட்டை ஏறக்குறைய 90 டிகிரியில் பிடித்து வைத்திருக்கும். ஆயிலின் கெட்டித்தன்மையை வகுத்திருக்கும் எஸ்.ஏ.இ. அமைப்பின் இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் அளப்பது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள். டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது; அது சிறியதாக இருக்க இருக்க ஆயில் சீக்கிரம் ஓடிப் பாகங்களைச் சேரும். சென்னையின் மே மாத மதியத்தில் 40 டிகிரியில் நிற்கும் காரில் இருக்கும் 5டபிள்யூ-30 ஆயில், ஓடிச் சூடான இன்ஜினில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு கெட்டி. எனவே "தண்ணி ஆயில்" என்று திட்டப்படும் ஆயில் ஸ்டார்ட் செய்யும்போது எப்போதுமே தேவைக்கு மேல் கெட்டியாகத்தான் இருக்கிறது. இதில் இன்னும் கெட்டியானதை ஊற்றினால் மேலே கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜ் குறையும்.

பிறகு ஏன் கெட்டி ஆயில் ஊற்றியதும் வண்டி "ஸ்மூத்தா" இருப்பதுபோல் தோன்றுகிறது? தேய்ந்த டேப்பட்டின் சத்தத்தைக் கெட்டி ஆயில் அமுக்கிவிடுகிறது. அவ்வளவுதான். தேய்மானம் அங்கேயே இருக்கிறது, காதுக்குத்தான் ஓய்வு. மெக்கானிக்குக் கைராசிப் பட்டம் கிடைக்கிறது.

இன்றைய இன்ஜின்களில் ஆயிலுக்கு உயவு மட்டுமே வேலை என்றும் நினைக்க முடியாது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் டைமிங் பெல்ட்டே ஆயிலில் நனைந்தபடி ஓடும். பொருந்தாத ஆயில் அந்த பெல்ட்டைச் சிதைக்கும். உதிர்ந்த துணுக்குகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பி.எஸ்.-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அதற்கென்று சாம்பல் குறைவான ஆயில் வேண்டும். "டீசல் ஆயில்தானே" என்று லாரிக்கு ஊற்றும் பழைய வகையை ஊற்றினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

பைக்கின் கதை வேறு, அதைக் காரோடு குழப்புவதும் தவறு. நம் 100 சிசி வண்டிகளில் இருப்பதே ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில். அது இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் பொது. பலவற்றில் மாற்றும் காகித ஃபில்டர்கூடக் கிடையாது. சல்லடையும், அழுக்கைச் சுழற்றி ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான். காற்றில் குளிரும் இன்ஜின் என்பதால் வெயில் இங்கே ஓரளவு கணக்கில் வரும். ஆகவே காருக்கு 10,000 கிலோமீட்டர் என்றால் பைக்குக்குக் கையேடு அதைவிடக் குறைவாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிளட்ச் ஆயிலில் நனைந்திருப்பதால் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். விலை கூடிய கார் ஆயிலை ஆசையாக ஊற்றினால் அதிலுள்ள வழுக்குச் சேர்க்கையால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்.பி. வகை. டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டெழுத்தைப் பார்ப்பவர் எத்தனை பேர்?

"கம்பெனிக்காரன் அப்படித்தான் சொல்வான், இன்ஜின் போனால்தானே புது வண்டி விற்கும்" என்றொரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். வாரண்டி காலத்தில் இன்ஜின் போனால் செலவு கம்பெனியுடையது என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். பராமரிப்புச் செலவைக் குறைத்துக் காட்டும் ஆசை கம்பெனிகளுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கென்று இன்னொரு கணக்கு தனியாக இருக்கும். நாள் முழுக்க சிக்னலிலும் சந்திலும் ஓடும் உணவு டெலிவரி பைக், ஷேர் ஆட்டோ, செங்கல் சூளைத் தூசியில் ஓடும் வண்டி, இவற்றுக்கெல்லாம் அந்தப் பக்கம்தான் பொருந்தும். இவற்றை ஓட்டுகிறவர்கள் சீக்கிரம் மாற்றட்டும்.

நிறத்தை நம்புகிறவர் கோட்டைவிடுவது இன்னொரு இடத்தில். ஓய்வுபெற்ற ஒருவர் தினமும் பால் வாங்க, கோயிலுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் ஸ்கூட்டர் ஓட்டுகிறார். வருஷத்துக்கு 1,200 கிலோமீட்டர்கூட வராது. ஆயில் தேன் நிறத்தில் பளபளக்கிறது. "புதுசு மாதிரி இருக்கு சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார்கள். இன்ஜின் ஒருநாளும் முழுச் சூட்டை எட்டாததால் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் அந்த ஆயிலிலேயே தங்கிவிட்டன. மாற்ற வேண்டிய ஆயில் அதுதான். கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக்கணக்கும் போட்டு, எது முதலில் வருகிறதோ அதன்படி என்று எழுதியிருப்பது இவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

இன்ஜின்களைக் கொல்வது பெரும்பாலும் கறுப்பு அல்ல, குறைவு. சின்ன இன்ஜின்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலைக் குடிக்கும். ஒரு லிட்டரில் 300 மில்லி போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. சாதாரண பைக்குகள் பலவற்றில் எச்சரிக்கை விளக்கே கிடையாது. காரில் எரியும் சிவப்பு விளக்கும் அழுத்தம் போனதைச் சொல்வது. அது எரியும்போது காலம் கடந்திருக்கும். வண்டியை நேராக நிறுத்தி, குச்சியைத் துடைத்துவிட்டு இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் ஆள்கூட இதைச் செய்வதில்லை.

பணக்கணக்கும் சொல்லிவிடுகிறேன். வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓடும் பைக்குக்குக் கையேடு 6,000 என்று சொன்னால் இரண்டு லிட்டர் போதும். 2,000-க்கு ஒருமுறை மாற்றினால் ஆறு லிட்டர். லிட்டர் 400 ரூபாய் என்று வைத்தாலும் 1,600 ரூபாய் வீண். இதில் மெக்கானிக்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. லேபர் 200 ரூபாய் என்றால் நாம் பேரம் பேசுகிறோம். ஆயில் டப்பாவின் விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். அவர் பிழைப்பு டப்பாவின் கமிஷனில் ஓடும்படி செய்தது நாம்தான்.

வடித்த ஆயில் எங்கே போகிறது? சட்டப்படி அது அபாயகரக் கழிவு. 2016 விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்கள்மேல் வந்திருக்கிறது. நடைமுறையில் கொஞ்சம் சாக்கடைக்கு, கொஞ்சம் சென்ட்ரிங் பலகைக்கு. இன்னும் கொஞ்சம் வடிகட்டப்பட்டு, காலி டப்பாவில் மறுபடியும் நுழைகிறது. அந்தப் போலி ஆயிலும் பளபளவென்றுதான் இருக்கும். நிறம் சேர்ப்பது பெரிய வித்தையல்ல.

அடுத்த சர்வீஸுக்கு முன் கையேட்டில் கிரேடும் இடைவெளியும் உள்ள பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டுக் கிளம்புங்கள். எந்த ஆயில், எத்தனையாவது கிலோமீட்டர், என்ன தேதி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.