சங்கஞ்செடி மேல பழி போடாதீங்க



ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் கடலோர மணல் காட்டுல நடந்தவங்களுக்கு இந்தச் செடியைத் தெரியும். சங்கஞ்செடி. சில ஊர்ல இசங்கு, முட்சங்குன்னும் சொல்வாங்க. சின்ன வயசுல அதோட வெள்ளைப் பழத்தை நீங்களும் பறிச்சுத் தின்னிருப்பீங்க.

தாவரவியல் பேரு அசிமா டெட்ராகாந்தா. 1783ல லாமார்க் வெச்ச பேரு. டெட்ராகாந்தான்னா நாலு முள். ஒரு கணுவை உத்துப் பாருங்க, பேரு ஏன்னு புரியும்.

நம்ம மண்ணோட செடி இது. யாரும் தண்ணி ஊத்த வேணாம். உப்புக்காத்தைத் தாங்கும், வேலியா நிக்கும். இதைப் பத்தி ஒரு டாக்டர் ஏன் எழுதணும்?

போன மாசம் எங்க ஆஸ்பத்திரிக்கு ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் வந்தார். வலது பாதம் வீங்கி, கட்டுக்குள்ள இருந்து நாத்தம். அவிழ்த்தா உள்ள அரைச்சு வெச்ச சங்கிலை.

"எப்ப குத்துச்சுங்கய்யா?"

"பன்னெண்டு நாளாச்சு தம்பி. வலியே இல்ல, அதான் வரல."

சர்க்கரை 380. சீழை எடுத்தப்போ அரை இஞ்ச் முள்நுனி வெளிய வந்துச்சு. சுண்டுவிரலைக் காப்பாத்த முடியல.

"பாழாப்போன சங்கஞ்செடி"ன்னு அவர் மகன் திட்டினார். நான் அதை ஒத்துக்க மாட்டேன்.

விரலை எடுத்தது முள்ளு இல்ல. வலி தெரியாத பாதமும், வீணாப்போன பன்னெண்டு நாளும்தான்.

கட்டுப்பாட்டுல இல்லாத சர்க்கரை பல வருஷத்துல கால் நரம்பை மரத்துப்போக வெக்கும். அப்புறம் "வலிக்கல"ங்கறது நல்ல சேதி இல்ல, ஆபத்தோட அறிகுறி.

இலையைப் பத்தியும் சொல்லிடறேன். சங்கிலையில கார்பைன், அசிமைன்னு ஆல்கலாய்டுகள் இருக்கறது உண்மை. பப்பாளி இலையிலயும் கார்பைன் இருக்கு. ஆனா ஒரு இலையில மருந்துப்பொருள் இருக்கறது வேற, அதை அரைச்சுக் கட்டினா உள்ள உடைஞ்ச முள் வெளிய வரும்ங்கறது வேற. பாட்டி வைத்தியத்தை நான் கேலி பண்ணல. திறந்த புண்ணுல இலையை வெச்சு மூடாதீங்கன்னுதான் சொல்றேன். இலையோட மண்ணும் கிருமியும் சேர்ந்து உள்ள போகும்.

முள் குத்தினா என்ன செய்யணும்?

1. ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க.

2. வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா நேரா இழுத்து எடுங்க. ஊக்கை வெச்சுக் குடையாதீங்க.

3. மண்ணுலயும் சாணத்துலயும் டெட்டனஸ் கிருமி உண்டு. கடைசித் தடுப்பூசி போட்டு 5 வருஷத்துக்கு மேல ஆகியிருந்தா, இல்ல எப்ப போட்டோம்னே நினைவில்லன்னா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க. ஊசி இலவசம்.

4. ரெண்டு மூணு நாள்ல வீக்கம் வடியலைன்னா முள்நுனி உள்ளயே இருக்கலாம். செடி முள் எக்ஸ்ரேயில பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன்ல தெரியும். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல"ன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. முட்டி, விரல் மூட்டுப் பக்கம் குத்தினா மூட்டே வாரக்கணக்குல வீங்கிக் கிடக்கும்.

5. சர்க்கரை நோயாளின்னா வலிக்காகக் காத்திருக்காதீங்க, அன்னிக்கே வந்துடுங்க. தினமும் ராத்திரி பாதத்தைத் தொட்டுப் பாருங்க. குனிய முடியாதவங்க கண்ணாடி வெச்சுப் பாருங்க, இல்ல பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு. ரப்பர் செருப்பை இந்த முள் சுலபமாத் துளைச்சிடும். காட்டுக்குப் போற அப்பாவுக்குத் தடிச்ச அடியுள்ள செருப்பா வாங்கிக் குடுங்க. நான் எழுதிக் குடுக்கற மருந்தை விட அது பெருசு.

செடியை வெட்ட வேணாம். அது பாட்டுக்கு மணல்ல நிக்கட்டும். உங்க வீட்டுப் பெரியவங்க பாதத்தை இன்னிக்கு ராத்திரி ஒருதடவை பாருங்க, போதும்.