எந்தத் தேதியைக் கொண்டாடுவது?

சங்கீத வித்வான்களின் பிறந்தநாளைக் கொண்டாடும் வழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கின்றது. பத்திரிகைகள் படம் போடுகின்றன. ரேடியோக்கள் நாள் முழுவதும் பாட்டு வைக்கின்றன. இன்ன வருஷத்தில் இன்ன இசைத்தட்டு வெளியாயிற்று, இன்ன வாரத்தில் இன்ன பாட்டு முதலிடம் பெற்றது என்று ரசிகர்கள் பட்டியல் போட்டு மகிழ்கின்றார்கள். இதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஒருவருடைய தொழிலால் உலகம் சந்தோஷமடைந்திருக்குமானால் அவரை நினைப்பது நியாயமே. ஆனால், அந்த மனிதரைப்பற்றி எதை நினைக்கின்றோம், எதை மறைக்கின்றோம் என்பதுதான் நமது கேள்வி. இதற்கு அமெரிக்காவின் ஜாஸ் வித்வான் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் சங்கதியே போதுமான உதாரணமாகும்.

ஆம்ஸ்ட்ராங் தாம் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே கடைசிவரை சொல்லிவந்தார். அது அமெரிக்காவின் சுதந்தர தினமுமாகும். 1970 ஜூலையில் அவருக்கு 70 வயது என்று பெரிய விழாவும் எடுத்தார்கள். 1971 ஜூலை 6-ந் தேதி அவர் இறந்து பல வருஷங்களுக்குப் பின், 1980-களில், அவருடைய ஊரான நியூ ஆர்லியன்ஸில் ஒரு மாதாகோவிலின் ஞானஸ்நானப் பதிவுப் புத்தகத்தை ஆராய்ச்சிக்காரர் ஒருவர் புரட்டிப் பார்த்தார். அதில் கண்டிருந்த பிறந்த தேதி 1901 ஆகஸ்ட் 4! அப்படியானால் எழுபதாவது விழா நடந்தபோது அவருக்கு 68 வயதுதான். ஜூலை 4-ந் தேதியை வைத்து ஜாதகம் கணித்து, இன்ன கிரகம் உச்சத்திலிருந்ததால்தான் இந்தப் புகழ் வந்தது என்று யாராவது சொல்லியிருந்தால், அந்தக் கிரகங்கள் இப்போது 13 மாதம் நகர்ந்து நிற்க வேண்டியிருக்கும்.

அது எப்படியோ போகட்டும். அந்தப் பதிவுப் புத்தகத்தில் வேறொன்றும் இருந்தது. தேதியை எழுதின கையே, குழந்தை கறுப்பு என்றும், முறைகேடாய்ப் பிறந்தது என்றும் லத்தீன் பாஷையில் எழுதிவைத்திருந்தது. ஞானஸ்நானம் நடந்தது ஆகஸ்ட் 25-ந் தேதி. பிறந்து மூன்றே வாரமான சிசுவின் தலையில், எல்லோரும் ஆண்டவனுடைய பிள்ளைகள் என்று உபதேசிக்கும் இடத்திலேயே, இழிவு எழுதப்பட்டுவிட்டது. பிரம்மா எழுதின தலையெழுத்து என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருப்பதெல்லாம் இப்படி மனிதன் மனிதனுக்கு எழுதுவதுதான் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமோ?

அவருடைய வித்தை கடவுள் கொடுத்த வரமென்று சொல்லுவாரும் உண்டு. நடந்தது என்ன? 1912-ம் வருஷக் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்காக, 11 வயதுச் சிறுவனான அவரைப் பிடித்துக் கறுப்புச் சிறுவர்களுக்கான சீர்திருத்த விடுதியில் அடைத்தார்கள். அங்கே பீட்டர் டேவிஸ் என்னும் ஆசிரியரிடம் கார்னெட் ஊதுவதை முறையாகப் பயின்றார். பிறகு கிங் ஆலிவரை ஆதரவாளராகவும் குருவாகவும் கொண்டு, 1922-ல் சிக்காகோவுக்குப் போய் அவருடைய குழுவில் சேர்ந்தார். 1925 முதல் 1928 வரை தமது சொந்தக் குழுவுடன் பதிவு செய்த இசைத்தட்டுகள் ஜாஸின் போக்கையே மாற்றிவிட்டன. கூட்டமாய் வாசித்துக்கொண்டிருந்த சங்கீதத்தில், தனியொருவன் நின்று தன் கற்பனையை விரித்துக் காட்டலாம் என்பதை அவர் நிலைநாட்டினார். பயிற்சியும் சந்தர்ப்பமும் கிடைத்தால் விடுதிச் சிறுவனும் மேதையாவான் என்பதே இதன் பொருள்.

ஆனால், புகழ் வந்தபின் மரியாதை வந்ததா? 1931-ல் அவர் சொந்த ஊருக்குத் திரும்பி, வெள்ளையர் மாத்திரம் நுழையக்கூடிய ஓரிடத்தில் வாசித்தார். அவருடைய இனத்தார் வெளியே நின்றுதான் கேட்டார்கள். ஒரு கறுப்பரை அறிமுகப்படுத்த ரேடியோ அறிவிப்பாளர் மறுத்துவிட்டதால், தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொண்டு வாசிக்க நேர்ந்ததென்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கின்றார். வாசிப்பு வேண்டும், வாசிப்பவன் பெயரைச் சொல்ல வாய் கூசுகின்றது! 1956-ல் அந்த லூயிசியானா மாகாணம், வெள்ளையரும் கறுப்பரும் பொது நிகழ்ச்சிகளில் சேர்ந்திருக்கக்கூடாதென்று சட்டம் செய்தது. ஆம்ஸ்ட்ராங்கின் குழுவில் இரு நிறத்தாரும் இருந்தார்கள். அவர் குழுவைப் பிரிக்கவில்லை, ஊரைத்தான் விட்டார். 1964-ம் வருஷச் சிவில் உரிமைச் சட்டம் வந்தபிறகு, 1965-ல்தான் அங்கே மறுபடி வாசித்தார்.

இனி, நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்த தேதிக்கு வருவோம். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரத்தில் ஒன்பது கறுப்பு மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் நுழையாதபடி கவர்னர் சிப்பாய்களை நிறுத்தியிருந்தார். அப்போது ஆம்ஸ்ட்ராங்கை அமெரிக்க சர்க்கார் சார்பில் சோவியத் ருஷ்யாவுக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. அமெரிக்காவில் கறுப்பருக்குக் குறையொன்றுமில்லை என்று உலகத்துக்குக் காட்ட அவருடைய டிரம்பெட் உதவுமென்பது சர்க்காரின் எண்ணம். செப்டம்பர் 17-ந் தேதி கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சிறு நகரத்தில் 21 வயது நிருபர் ஒருவர் அவரைப் பேட்டி கண்டார். தெற்கே தம் ஜனங்களை நடத்துகிற விதத்துக்கு இந்த சர்க்கார் நாசமாய்ப் போகட்டும் என்றும், ஜனாதிபதி ஐசனோவருக்கு நெஞ்சுரம் இல்லையென்றும், தாம் ருஷ்யாவுக்குப் போகப்போவதில்லை என்றும் அவர் சொல்லிவிட்டார். பத்திரிகாசிரியருக்கே நம்பிக்கை வரவில்லை. எழுதினதைக் காட்டியபோது, எல்லாம் சரியென்று ஆம்ஸ்ட்ராங் அதன்மேல் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவருடைய ஆள் ஒருவர் பின்வாங்கப் பார்த்தும் அவர் பின்வாங்கவில்லை. செப்டம்பர் 24-ந் தேதி ஐசனோவர் பட்டாளத்தை அனுப்பி மாணவர்களை உள்ளே விடச் செய்தார். அதற்கு ஆம்ஸ்ட்ராங் மட்டும் காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், வாய்மூடியிருந்தால் பணமும் பட்டமும் நிச்சயமென்றிருந்த ஒருவர் வாயைத் திறந்தார் என்பதைச் சொல்லுகின்றோம்.

பாட்டுக்காரனுக்கு அரசியல் எதற்கு என்று சில கனவான்கள் அன்று கேட்டார்கள், இன்றும் கேட்கின்றார்கள். சர்க்காரின் பெருமைக்கு ஊர் ஊராய்ப் போய் ஊதுவது அரசியலில்லையாம். ஊத மாட்டேன் என்பது மாத்திரம் அரசியலாம்! இது என்ன நியாயம்? மற்றொரு பக்கம், அவர் வெள்ளையர் முன் பல்லைக் காட்டிப் பிழைப்பவர் என்று கறுப்பு இளைஞர்கள் பலர் குறை சொல்லிவந்தார்கள். அந்தக் கோபம் ஆதாரமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தின தினத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

1964 மே மாதத்தில், 62 வயதில், பீட்டில்ஸ் குழுவினரைக் கீழே இறக்கி அவருடைய பாட்டு முதலிடம் பெற்றதைப் பட்டியல் போடுகிறவர்கள் தாராளமாய்ப் போடட்டும். ஆகஸ்ட் 4-ந் தேதியையும் கொண்டாடட்டும். ஆனால், எல்லோரும் ஏதாவதொரு தேதியில் பிறந்துதான் ஆக வேண்டும். அதில் ஒருவருடைய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. 1957 செப்டம்பர் 17 அவர் தாமே தேர்ந்துகொண்ட தேதி. ஆகவே, சங்கீதத்தைக் காதில் வாங்கிக்கொண்டு சங்கீதக்காரனை வாசலில் நிறுத்தும் வழக்கம் எங்கெங்கே மிச்சமிருக்கின்றதோ, அங்கெல்லாம் பிறந்தநாளுக்குப் பூமாலை வாங்குகிறவர்கள் இந்தத் தேதியையும் பஞ்சாங்கத்தில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.