வடமலாபுரத்துக்கு மறுபடியும் போக வேண்டும்

பட்டாசுத் தொழிலை நம்பி எத்தனை பேர் வாழ்கிறார்கள்? மூன்று லட்சம் என்கிறது ஒரு கணக்கு. எட்டு லட்சம் என்கிறது இன்னொன்று. உச்ச நீதிமன்றத்தில் பட்டாசுத் தடை கோரிய வழக்கு நடந்தபோது ஐந்து லட்சம் குடும்பங்கள் என்று வாதிடப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்து மக்களே 19.42 லட்சம் பேர்தான். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் மாவட்டம் முழுவதற்கும் ஐந்து லட்சம் குடும்பம் தேறாது. அச்சகம், லாரி, அட்டைப்பெட்டி, வெளிமாநில விற்பனை எல்லாம் சேர்த்த கணக்கு என்பார்கள். இருக்கலாம். எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று எழுதிவைக்காத எண்ணைக் கொண்டு ஒரு தொழிலைக் காப்பாற்றவும் முடியாது, கட்டுப்படுத்தவும் முடியாது.

அப்படிப்பட்ட எண்களோடுதான் சிவகாசி நீதிமன்றப் படியேறியது. 2018 அக்டோபர் 23-ஆம் தேதித் தீர்ப்பு பேரியம் உப்பைத் தடை செய்தது; சரவெடியையும் தடை செய்தது. அந்த ஆண்டு இறுதியிலிருந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வழக்குக்குக் காரணமான டெல்லிக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு அளவீடு இருந்தது. திரி வெட்டியும் சரம் பின்னியும் பிழைக்கும் வெம்பக்கோட்டைப் பெண்ணின் வீட்டு வரவு செலவு உத்தேசமாகத்தான் பேசப்பட்டது.

ஊருக்குப் போய்க் கணக்கெடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவரச் செய்தார். 1918-இல் அது நூலானது. அதில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரம். இன்று சிவகாசிப் பக்கம். 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி ஆய்ந்தார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காக வெங்கடேஷ் ஆத்ரேயா வடமலாபுரத்தை மீண்டும் எழுதினார். ஸ்லேட்டரின் இன்னொரு ஊரான இருவேல்பட்டை ஜான் ஹாரிஸ், கே. நாகராஜ் ஆகியோரோடு ஆய்வு செய்த ஜெ. ஜெயரஞ்சன், பின்னாளில் மாநிலத் திட்டக்குழுவின் துணைத்தலைவராகவே அமர்ந்தார். ஊரில் எடுத்த கணக்கு கோட்டை வரை போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வெடிவிபத்துக்கு வருவோம். 2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சங்குளம், 2025-இல் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் 'மருந்துக் கலவையில் உராய்வு' என்று செய்தி வருகிறது. உராய்வு ஏன் வந்தது? பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு நிதானம் என்பது கூலி இழப்பு. உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டால், எடுத்தவர் குத்தகைப் பணத்தைச் சில மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும்; அந்த அவசரம் நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆட்களை உட்கார வைக்கும். முன்பணம் வாங்கிய குடும்பம் அந்த ஆலையை விட்டு வெளியேற முடியாது. வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டிஆர்ஓ லைசென்ஸா என்பதைப் பொறுத்து மேற்பார்வையும் மாறுகிறது. இவை வேதியியல் கேள்விகள் அல்ல, பொருளியல் கேள்விகள். வெடிபொருள் துறை அதிகாரி இவற்றுக்கு விடை தேட முடியாது. பொருளியல் துறைதான் தேட வேண்டும்.

கணக்கெடுப்பிலிருந்துதான் நடவடிக்கை தொடங்கும் என்பதற்குச் சிவகாசியே உதாரணம். தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில்தான் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்தில் கணக்கெடுக்கச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

2021-இல் தமிழக அரசு ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்லோ, ஜான் டிரீஸ் போன்றோரைக் கொண்டு பொருளாதார ஆலோசனைக் குழு அமைத்தது. நல்லதுதான். ஆனால் எவ்வளவு பெரிய அறிஞரும் கையில் கிடைக்கும் தரவை வைத்துத்தான் பேச முடியும்.

ஆகவே நாம் கேட்பது இது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை முன்னின்று, சிவகாசி, சாத்தூர், விருதுநகர்க் கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு, பட்டாசு ஊர்களில் ஒரே குடும்பங்களை ஆண்டுதோறும் சந்திக்கும் ஆய்வைத் தொடங்க வேண்டும். கேள்விகளை ஆலை வாசலில் கேட்கக் கூடாது. மாலையில் வீட்டுத் திண்ணையில் கேட்க வேண்டும். பெயர்கள் ரகசியமாக இருக்க வேண்டும், தரவு பொதுவில் இருக்க வேண்டும். செலவை மாநில அரசு ஏற்க வேண்டும். ஆலை உரிமையாளர்களிடம் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. இந்த ஊர்க் கல்லூரிகள் பல தொழிலதிபர்களின் கொடையில் எழுந்தவை. அந்தக் கொடையால்தான் இங்கே பெண்கள் பட்டம் பெற்றார்கள். அந்த நன்றி குறையாமலே ஆய்வின் சுதந்திரத்தை எழுத்தில் உறுதி செய்ய முடியும். முடிவு தொழிலுக்குப் பிடிக்காமல் போகலாம், அரசுக்கும் பிடிக்காமல் போகலாம். அப்போதும் வெளியிடப்பட வேண்டும்.

ஸ்லேட்டர் மாணவர்களைச் சென்னையிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. இன்று சிவகாசியில் பொருளியல் படிக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். அவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுக்க அரசு அடுத்த தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம்.